மழை, குளிர், எப்பவாவது பனி: இதுக்கு ஆல் சீசன் டயர் போதுமா? எத பாத்து வாங்கறது?

ஈரச்சாலை:
எல்லாருக்கும் வணக்கம். கார் முன்சக்கர டிரைவ் ஹேட்ச்பேக், டயர் சைஸ் 205/55 ஆர்16. இப்ப ஓடறது வண்டியோட வந்த சம்மர் டயர், ரோட்டுல படற ரப்பர் கட்டைங்க, அதான் பட்டன், ரொம்பவே தேஞ்சாச்சு, குளிர் ஆரம்பிக்கறதுக்குள்ள நாலையும் மாத்தியே ஆகணும். என் ஓட்டம் எப்படின்னா, விடியறதுக்கு முன்னாடியே கிளம்பி ஹைவேல வேலைக்கு போகணும், குளிர்காலம் முழுக்க பெரும்பாலும் மழைதான், டெம்பரேச்சர் 1லேர்ந்து 8 டிகிரிக்குள்ள சுத்திட்டு இருக்கும், நடுவுல சில நாள் பனி கொட்டும், ஆனா நான் போற நேரத்துக்கு ரோடு சுத்தம் பண்ணிருக்க மாட்டாங்க. ரெண்டாவது செட் டயர் வாங்கி அடுக்கி வைக்க வீட்ல இடம் கிடையாது. ஒரே செட்டுல வருஷம் பூரா ஓட்டற மாதிரி ஆல் சீசன் போட்டா போதுமா, இல்ல குளிருக்குன்னு தனியா விண்டர் டயர் போட்டாத்தான் சரியா வருமா? கடைக்காரர் சொல்றத நம்பி வாங்கறதுக்கு முன்னாடி விவரம் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுக்கலாம்னு பாத்தேன்.

டயர்பித்தன்:
வாங்க நண்பா. நீங்க சொன்ன ஓட்டத்துக்கு நல்ல ஆல் சீசன் தாராளமா போதும், ஆனா "நல்ல"ங்கறது எதுன்னு தெரிஞ்சு வாங்கணும், ஏன்னா அந்தப் பேர்ல ரெண்டு விதமான டயர் விக்குது.

முதல்ல டயரோட பக்கவாட்டுச் சுவர, அதாவது சைடுவால பாருங்க. எம் பிளஸ் எஸ்னு எழுத்து இருக்கும், அதாவது மட் அண்ட் ஸ்னோ, சேறும் பனியும். அந்த எழுத்துக்கு எந்த டெஸ்டும் பாஸ் பண்ண வேண்டியதில்ல, ட்ரெட் டிசைன் அப்படி இருக்குன்னு கம்பெனியே போட்டுக்கறதுதான். அத மட்டும் நம்பி வாங்காதீங்க. அது பக்கத்துலயே மூணு சிகரம் உள்ள மலை, அதுக்குள்ள ஒரு பனிப்பூ வரைஞ்ச சின்னம் இருக்கான்னு தேடுங்க. அந்த சின்னம் வேணும்னா அமுங்கின பனியில அளவுகோலா வெச்ச ஒரு ரெஃபரன்ஸ் டயரோட ஒப்பிட்டு டெஸ்ட் பண்ணி, ஒரு அளவுக்கு மேல கிரிப் காட்டியாகணும். வட அமெரிக்காவுல ஆல் சீசன்னு விக்கிற நெறைய டயர்ல இந்த சின்னம் இருக்காது, சின்னம் இருக்கறத அங்க ஆல் வெதர்னு தனியா விக்கிறாங்க. ஐரோப்பாவுல ஆல் சீசன்னு வர்ற டயர்ல இப்ப பெரும்பாலும் சின்னம் இருக்கு. அதனால பேர விட்டுடுங்க, மலையும் பனிப்பூவும் இருக்கா இல்லயா, அவ்வளவுதான் கேள்வி.

அடுத்தது ரப்பர். சம்மர் டயரோட ரப்பர் கலவை, அதாவது காம்பவுண்ட், குளிர்ல இறுகிப் போயிடும், இறுகின ரப்பர் ரோட்டுல இருக்கற சின்னச் சின்ன மேடு பள்ளத்துல பதியாது, அப்ப ஈர ரோட்டுல பிரேக் புடிக்காது. விண்டர் டயர்லயும் நல்ல ஆல் சீசன்லயும் சிலிக்கா கூட சேத்து குளிர்லயும் இளக்கமா இருக்கற மாதிரி பண்றாங்க. அப்புறம் பட்டன் மேல கத்தியால கீறின மாதிரி மெல்லிசா கோடு கோடா இருக்கும் பாருங்க, சைப்னு சொல்வாங்க. கடையில டயர் வெளியதானே நிக்கும், கட்டைவிரல பட்டன் மேல வெச்சு பக்கவாட்டுல நல்லா தள்ளிப் பாருங்க, கோடு வாய் திறக்கும், உள்ள சுவர் நேரா இல்லாம அலை அலையா ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்துக்கற மாதிரி வெட்டிருப்பாங்க. பனியில இந்தக் கோடெல்லாம் திறந்து கடிக்கும், காஞ்ச ரோட்டுல பிரேக் அடிச்சா சுவர் ஒண்ணோட ஒண்ணு முட்டிகிட்டு பட்டன் மடங்காம நிக்கும். ஒரே டயர் ரெண்டு வேலையும் பாக்குதுன்னா அதுல பாதி இந்த வெட்டுலதான் இருக்கு. இன்னொண்ணும் பாருங்க, சில டயர்ல இந்தக் கோடு பட்டனோட அடி வரைக்கும் போகாது, பாதியிலயே நின்னுடும், பாதி தேஞ்ச உடனே கோடே காணாம போயிடும், அப்புறம் அது பேருக்குத்தான் ஆல் சீசன்.

மலைப்பாதை:
டயர்பித்தன் சார் சொன்னது எல்லாம் சரி, ஆனா ஒரு விஷயத்த அழுத்திச் சொல்லணும். அந்த பனிப்பூ சின்னம் அமுங்கின பனிக்கு மட்டும்தான், ஐஸுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. பனின்னும் ஐஸுன்னும் ரெண்டு வேற வேற ஆபத்து இருக்கு, நெறைய பேர் ஒண்ணாவே போட்டு பேசறாங்க.

சும்மா ஒரு கணக்கு போடறேன். 50 கிமீ வேகத்துல பிரேக் அடிச்சா, காஞ்ச தார்ல உராய்வு 0.8ன்னு வெச்சா 12 மீட்டர்ல நிக்கும். ஈர ரோடு 0.5, அப்ப 20 மீட்டர். அமுங்கின பனி 0.25, கிட்டத்தட்ட 40 மீட்டர். ஐஸ் 0.1, நூறு மீட்டர கிட்டத்தட்ட தொட்டுரும். இதுல நீங்க யோசிச்சு ரியாக்ட் பண்ற நேரத்துல வண்டி ஓடற தூரம் சேக்கவே இல்ல. டயருக்கு டயர் இந்த நம்பர் மாறும், ஆனா வரிசை மாறாது. அதுலயும் நல்லா உறைஞ்ச மைனஸ் 15 டிகிரி ஐஸ விட, பூஜ்யத்துக்கு பக்கத்துல மேல தண்ணி மினுமினுன்னு நிக்கிற ஐஸ்தான் ரொம்ப வழுக்கும். விடிகாலைல போறவர் நீங்க, ராத்திரி பேஞ்ச மழை உறையறது, பாலத்து மேல மட்டும் உறைஞ்சிருக்கறது, இதெல்லாம் உங்க நேரத்துலதான் நடக்கும். தினமும் ஐஸ்ல இறங்கி ஏற வேண்டிய ரோடுன்னா ஆல் சீசன் பேச்சே வேணாம், நேரா விண்டர் டயர் போடுங்க, அதுலயும் கடுங்குளிருக்குன்னு வர்ற மெத்துன்னு இருக்கற காம்பவுண்ட் டயர்.

ஈரச்சாலை:
விரிவா சொன்னதுக்கு ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஐஸ் எங்க பக்கம் அபூர்வம்தான், ஹைவேக்கு உப்பு போட்டுடுவாங்க, வீட்லேர்ந்து ஹைவே வரைக்கும் போற உள் ரோட்டுலதான் கொஞ்சம் பயம். அந்த மாதிரி நாள்ல லேட்டா கிளம்பினாலும் வேலையில ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எனக்கு உண்மையான கவலை மழைதான், ஹைவேல லாரி பக்கத்துல போறப்ப, சக்கரத் தடத்துல தண்ணி தேங்கி நிக்குமே, அதுல ஸ்டீயரிங் சட்டுனு லேசாகற மாதிரி ஒரு ஃபீலிங் வருது.

மழைவண்டி:
அந்த ஃபீலிங்குக்கு பேர்தான் அக்வாபிளேனிங் ஆரம்பம். ஸ்டீயரிங் லேசாச்சுன்னா முன் டயர் ரோட்ட விட்டு தண்ணி மேல ஏற ஆரம்பிச்சுருச்சுன்னு அர்த்தம், அந்த நேரத்துல பிரேக்க மிதிக்காதீங்க, ஸ்டீயரிங்க திருப்பாதீங்க, ஆக்சிலரேட்டர்லேர்ந்து மெதுவா கால எடுங்க, டயர் தானா கீழ இறங்கி புடிச்சுக்கும். தண்ணி தேங்கின ரோட்டுல வேகத்த தானா பிடிச்சு வைக்கற க்ரூஸ் கன்ட்ரோலும் போடாதீங்க.

இங்க எல்லாரும் பனி பனின்னு பேசறாங்க, ஆனா நம்ம ஈரச்சாலை நண்பர் ஓட்டற மாதிரி இடத்துல குளிர்காலத்து ஆபத்து முக்காவாசி குளிர்ந்த ஈர ரோட்டுலதான் இருக்கு. அதுல பிராண்ட விட முக்கியம் பள்ளத்தோட ஆழம். டயர் ரோட்டத் தொடற இடம் உள்ளங்கை அகலம்தான், அந்த இடத்துலேர்ந்து தண்ணிய வெளிய தள்ள க்ரூவ்ல இடம் இருக்கணும். புது டயர்ல 7, 8 மிமீ இருக்கும். சட்டப்படி நெறைய நாட்டுல 1.6 மிமீ வரைக்கும் ஓட்டலாம், க்ரூவுக்குள்ள குறுக்க சின்ன மேடு மாதிரி இருக்குமே தேய்மான அடையாளம், அது அந்த 1.6தான். ஆனா அது அபராதம் கட்டாம தப்பிக்கற அளவு, பாதுகாப்பான அளவு இல்ல. மழைக்கு 3 மிமீக்கு கீழ போனா மாத்திடுங்க, பனிக்கு 4 மிமீ. ஆஸ்திரியாவுல குளிர்காலத்துல 4 மிமீக்கு கம்மியா இருந்தா அத விண்டர் டயராவே சட்டம் ஏத்துக்காது.

காத்தும் அப்படித்தான். விமான டயர வெச்சு நாசா 1960கள்ல பண்ண ஆராய்ச்சியிலேர்ந்து ஒரு தோராயக் கணக்கு வந்துச்சு, டயர் காத்தழுத்தத்த பிஎஸ்ஐல எடுத்து அதோட வர்க்கமூலத்த 16.7ஆல பெருக்கினா டயர் மிதக்க ஆரம்பிக்கற வேகம் கிமீல வரும். 32 பிஎஸ்ஐக்கு சுமார் 94 கிமீ. அதே டயர்ல காத்து 24க்கு எறங்கிருந்தா சுமார் 82. கார் டயருக்கு அப்படியே பொருந்தாது, பட்டன் ஆழமா இருந்தா இன்னும் தாங்கும், தண்ணி எவ்ளோ நிக்குதுங்கறதும் இருக்கு, ஆனா காத்து கொறஞ்சா சீக்கிரம் மிதக்கும்ங்கறது மாறாது.

நாலுசக்கரம்:
என்னோடது நாலு சக்கரமும் இழுக்கற வண்டி, ஏடபிள்யூடி. எனக்கு இந்த பனிப்பூ சின்னமெல்லாம் அவசியமா? பனியில இதுவரைக்கும் எங்கயும் மாட்டினதில்ல.

மலைப்பாதை:
அவசியம் தம்பி. கிளம்பறதுக்கும் ஏத்தம் ஏறுறதுக்கும்தான் அந்த டிரைவ் உதவும். நிறுத்தறப்ப எல்லா காருக்கும் நாலு சக்கரத்துலயும் பிரேக்தான் இருக்கு, வளைவுல திரும்பறப்பவும் டயர் புடிச்சாத்தான் உண்டு. சொல்லப்போனா உங்க வண்டிலதான் ஏமாத்தம் அதிகம், சறுக்காம சுலபமா 60, 70 போயிடும், ரோட்டுல கிரிப்பே இல்லங்கறது பிரேக்க மிதிக்கறப்பதான் தெரியும். வண்டியும் கொஞ்சம் கனம்.

நாலுசக்கரம்:
இது யோசிக்காத கோணம். நன்றிண்ணே.

கணக்குப்புள்ள:
ஐரோப்பாவுல விக்கிற டயர்னா லேபிள் ஒட்டிருக்கும், அத பத்தி யாரும் சொல்லலயே. 2021 மே மாசத்துலேர்ந்து புது லேபிள், ஆங்கில எழுத்து ஏலேர்ந்து ஈ வரைக்கும் கிரேடு, ஏதான் உசத்தி. எரிபொருள் சிக்கனம் ஒண்ணு, ஈர ரோட்டு பிரேக் ஒண்ணு, வெளிச்சத்தம் டெசிபல்ல. கீழ பனிப்பூ சின்னம் இருந்தா பனிக்கு தேறின டயர், அதுக்கு பக்கத்துல ஐஸ் சின்னம்னு இன்னொண்ணு உண்டு, அது வடக்கத்தி கடுங்குளிர் விண்டர் டயருக்கு வர்றது, ஆல் சீசன்ல எதிர்பாக்காதீங்க.

ஈரச்சாலை, உங்களுக்கு ஈர ரோட்டு கிரேடு ஏ அல்லது பி இருக்கணும், அதுக்கு கீழ இருந்தா வேற டயர் பாருங்க. முக்கியமா, ஒரே மாடல்லயே சைஸுக்கு சைஸ் கிரேடு மாறும். விளம்பரத்துல ஏ கிரேடுன்னு போட்டிருப்பாங்க, உங்க சைஸ்ல பி கிரேடா இருக்கும். லேபிள்ல இருக்கற க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணினா அந்த சைஸோட விவரமே வரும்.

டயர்பித்தன்:
கணக்குப்புள்ள சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். லேபிள் புது டயருக்கு எடுத்த மார்க். ரெண்டு வருஷம் ஓடி பாதி தேஞ்சப்புறம் அது எப்படி நிக்கும்னு லேபிள் சொல்லாது. அக்வாபிளேனிங் பத்தியும் அதுல எதுவும் இல்ல, ஈர பிரேக்கும் தேங்கின தண்ணியில மிதக்கறதும் வேற வேற. அதனால லேபிள வெச்சு வேணாங்கறத கழிச்சுட்டு, மிச்சம் இருக்கறதுக்கு கார் பத்திரிகைங்க பண்ற ஒப்பீட்டு டெஸ்ட படிங்க, அதுல ஈர பிரேக், வளைவுல தண்ணி, பனி, காஞ்ச ரோடு, தேய்மானம் எல்லாம் தனித்தனியா போட்டிருப்பாங்க. மொத்த மார்க்க பாக்காதீங்க. உங்களுக்கு எது முக்கியமோ அந்த வரிசைய மட்டும் பாருங்க.

வேகத்தடை:
நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், கோவப்படாதீங்க. 7 டிகிரிக்கு கீழ போனா சம்மர் டயர் வேலைக்கு ஆகாதுன்னு எல்லா கடையிலயும் போர்டு வெச்சிருக்காங்க. அப்படி கோடு கிழிச்ச மாதிரி எதுவும் நடக்காது. நல்ல சம்மர் டயர் 5 டிகிரி ஈர ரோட்டுலகூட சுமாரான ஆல் சீசன விட சீக்கிரம் நிக்கும், காம்பவுண்ட் மெல்ல மெல்லத்தான் இறுகும். அதனால "ஆல் சீசன்"னு பேர் இருக்கறதாலேயே குளிர் மழைக்கு நல்லதுன்னு நெனச்சு மலிவா எதையாவது மாட்டறது, இருக்கறத விட மோசமா போய் முடியலாம்.

டயர்பித்தன்:
கோவமெல்லாம் இல்ல சார், நீங்க சொல்றது சரிதான், நானும் அதத்தான் "நல்ல"ங்கற வார்த்தையில சொல்ல வந்தேன். 7 டிகிரிங்கறது மக்களுக்கு ஞாபகம் இருக்கறதுக்கு வெச்ச ஒரு தோராயம். ஆனா அதே நல்ல சம்மர் டயர் ஒரு விரக்கடை பனி விழுந்தா போதும், ஒண்ணுமே பண்ணாது, சின்ன ஏத்தத்துல சக்கரம் சுத்திட்டே நிக்கும், இறக்கத்துல சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கற ஏபிஎஸ் கடகடன்னு அடிச்சுட்டே வண்டி போய்ட்டே இருக்கும். சம்மர் டயர்ல க்ரூவ் அகலமா நேரா இருக்கும், பனி உள்ள சிக்காது. பனியில கிரிப்பே பனி பனியோட ஒட்டறதுலதான் வருது, பட்டனுக்கு நடுவுல பனி அடைஞ்சு அது கீழ இருக்கற பனிய புடிக்கணும். ஈரச்சாலைக்கு சில நாளாவது பனி உண்டுங்கறாரு, அந்த சில நாளுக்குத்தான் இந்த சின்னம்.

மலைப்பாதை:
இதுல உடன்படறேன். வருஷத்துக்கு நாலு நாள் பனின்னாலும், ரோட்ட சுத்தம் பண்றதுக்கு முன்னாடி போறவருக்கு அந்த நாலு நாள்தான் கணக்கு. மிச்ச நாள் எந்த டயரும் ஓடும்.

பழையசோதனை:
பிராண்ட் பத்தி யாரும் வாயே திறக்கலயே, அதத்தானே எல்லாரும் தேடி வருவாங்க. எனக்கு தெரிஞ்சத சொல்றேன். ஆல் சீசன்ங்கற யோசனையே பழசு, குட்இயர் 1977ல டியெம்போன்னு ஒண்ணு விட்டாங்க, அமெரிக்காவுல அதுலேர்ந்துதான் இது பரவுச்சு. ஆனா ரொம்ப காலம் ஆல் சீசன்னா கோடை, குளிர் ரெண்டுலயும் சுமார்னுதான் பேர் வாங்கிச்சு. 2015ல மிச்செலின் க்ராஸ்க்ளைமேட் வந்தப்புறம்தான் பேச்சு மாறுச்சு, சம்மர் டயர் குணத்தோடயே பனிப்பூ சின்னமும் வாங்கின டயர்னு வந்துச்சு, அதுக்கப்புறம் எல்லா கம்பெனியும் இதுல உண்மையா உழைக்க ஆரம்பிச்சாங்க.

இப்ப உங்க சைஸ்ல பாக்க வேண்டியது மிச்செலின் க்ராஸ்க்ளைமேட் 2, குட்இயர் வெக்டர் 4சீசன்ஸ் ஜென்-3, கான்டினென்டல் ஆல்சீசன்கான்டாக்ட் 2, பிரிட்ஜ்ஸ்டோன் டுரான்சா ஆல் சீசன் 6, பிரெல்லி சின்டுராட்டோ ஆல் சீசன் எஸ்எஃப்3, நோக்கியன் சீசன்ப்ரூஃப். எதுவும் மோசமில்ல. எனக்குப் பட்டது, க்ராஸ்க்ளைமேட் பக்கம் காஞ்ச ரோடும் நீடிச்சு உழைக்கறதும் தூக்கல், வெக்டர்ல பனி கலந்த ஈரத்துல நம்பிக்கை அதிகம், கான்டினென்டல் எதுலயும் பெருசா முந்தாது பெருசா பின்தங்காது, எரிபொருள் கம்மியா குடிக்கும். இது என் ருசி, உங்க காரோட எடையும் சஸ்பென்ஷனும் வேற.

ஈரச்சாலை:
பெரிய உதவி சார். பக்கத்துல ஒருத்தர் முன்னாடி ரெண்டு மட்டும் மாத்துங்க, முன்சக்கர டிரைவ்தானே, பின்னாடி இன்னும் ஓடும்னு சொல்றாரு. பின் டயர்ல 4 மிமீ கிட்ட இருக்கு. அப்படி செய்யலாமா?

மழைவண்டி:
செய்யாதீங்க நண்பா, தயவு செஞ்சு செய்யாதீங்க. முன்னாடி குளிருக்கான டயர், பின்னாடி தேஞ்ச சம்மர் டயர், இதவிட அபாயமான ஜோடி கெடையாது. ஈர வளைவுல முன்னாடி கெட்டியா புடிச்சு திரும்பும், பின்னாடி புடிக்காது, வண்டியோட பின்பக்கம் சுத்திகிட்டு வந்துரும். முன்பக்கம் வழுக்கினா கால எடுத்தாலே பெரும்பாலும் சரியாகும், சாதாரணமா ஓட்டறவங்களால சமாளிக்க முடியும். பின்பக்கம் போனா பயிற்சி எடுத்தவங்களுக்கே கஷ்டம். ஒரே மாதிரி டயர்ல ரெண்டு மட்டும் மாத்தற நிலைமை வந்தாக்கூட, எந்த டிரைவ் வண்டியா இருந்தாலும் புதுச பின்னாடி போடணும்னுதான் டயர் கம்பெனிங்களே சொல்றாங்க. உங்க விஷயத்துல டயர் வகையே மாறுது, அதனால நாலும் ஒரே மாடல், ஒரே நேரத்துல.

கணக்குப்புள்ள:
+1. நாலும் ஒரே மாதிரி இல்லன்னா ஏபிஎஸ், சறுக்கினா வண்டிய நேராக்கற ஈஎஸ்பி எல்லாம் வேலை செய்யும்தான், ஆனா டயர்ல இல்லாத கிரிப்ப கம்ப்யூட்டரால கொண்டு வர முடியாது.

மின்வண்டி:
நடுவுல ஒரு கேள்வி, எலக்ட்ரிக் காருக்கும் இதே டயர்தானா? என் வண்டி இதே சைஸ் பெட்ரோல் கார விட நெறைய கனம்.

டயர்பித்தன்:
சின்னம், கிரேடு, ஆழம் எல்லாம் அதேதான். கூட பாக்க வேண்டியது லோடு இண்டெக்ஸ். சைஸுக்கு பின்னாடி ஒரு நம்பர் இருக்கும், 91ன்னா ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 94ன்னா 670 கிலோ. கனமான வண்டிக்கு கூடுதல் பாரம் தாங்கற எக்ஸ்எல் வேணும், சில எலக்ட்ரிக் கார் அதுக்கும் மேல எச்எல்னு கேக்கும். வண்டி மேனுவல்ல, கதவு ஓரத்து ஸ்டிக்கர்ல போட்டிருக்கற நம்பருக்கு கீழ போகவே கூடாது. அப்புறம் எலக்ட்ரிக் வண்டி மிதிச்ச உடனே இழுக்கும், டிரைவ் சக்கரத்துல தேய்மானம் சீக்கிரம், ரொட்டேஷன தள்ளிப் போடாதீங்க. ரோலிங் ரெசிஸ்டன்ஸ், அதாவது லேபிள்ல எரிபொருள் சிக்கனம்னு இருக்கற கிரேடும் பாருங்க, ஒரு சார்ஜ்ல ஓடற தூரத்துல, அதாவது ரேஞ்ச்ல தெரியும். ஆனா ஈர பிரேக்க விட்டுக் குடுத்து ரேஞ்ச் வாங்காதீங்க.

வேகத்தடை:
கோடை பத்தியும் சொல்லிடணும், ஒரே செட்டுல வருஷம் பூரா ஓட்டப் போறாருல்ல. 30 டிகிரிக்கு மேல வெயில் அடிக்கற இடம்னா ஆல் சீசன் டயர் காஞ்ச ரோட்டுல பிரேக் அடிக்கறப்ப சம்மர் டயர விட சில மீட்டர் தள்ளித்தான் நிக்கும், திருப்பினா ஸ்டீயரிங் கொஞ்சம் சோம்பலா இருக்கும், பட்டன் இளக்கமா இருக்கறதால தேய்மானமும் கூட. வெயில் கடுமையா நீடிக்கற இடம், குளிரும் கடுமையா இருக்கற இடம்னா ரெண்டு செட்தான் சரி. ரெண்டும் மிதமா இருக்கற இடத்துல ஆல் சீசன் அழகா உக்காரும், ஈரச்சாலையோட இடம் எனக்கு அப்படித்தான் தெரியுது. அகலமான டயர் போடலாம்னு கடையில சொன்னா வேணாம்னுடுங்க, தண்ணியிலயும் பனிச்சேத்துலயும் அகலம் கூடக்கூட மிதக்கறது கூடும், இப்ப இருக்கற 205 மிமீ அகலமே நல்ல அளவு.

சட்டம்_பாத்து:
வண்டிய எடுத்துகிட்டு வேற நாட்டுக்கு போறவங்க கவனிங்க. ஜெர்மனியில குளிர் நிலைமை ரோட்டுல இருந்தா அதுக்கேத்த டயர் கட்டாயம், 2024 அக்டோபர்லேர்ந்து வெறும் எம் பிளஸ் எஸ் செல்லாது, மலை பனிப்பூ சின்னம் இருந்தே ஆகணும். கனடாவுல க்யூபெக் மாகாணத்துல டிசம்பர் 1லேர்ந்து மார்ச் 15 வரைக்கும் கட்டாயம், அங்கயும் அந்த சின்னம்தான் கேக்கறாங்க. சின்னம் உள்ள ஆல் சீசன் போட்டிருந்தா இந்த ரெண்டு இடத்துலயும் பிரச்சனை இல்ல.

பழையசோதனை:
வாங்கறப்ப தயாரிச்ச தேதிய பாருங்க. சைடுவால்ல டிஓடின்னு ஆரம்பிக்கற வரிசையில கடைசி நாலு இலக்கம், 3524ன்னா 2024ஆம் வருஷம் 35ஆவது வாரம். நல்லா வெச்சிருந்த டயர் ஒண்ணு ரெண்டு வருஷம் பழசானா கெட்டுப் போகாது, ஆனா அதுக்கு மேல பழசு குடுத்தா வேணாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சில நேரம் தேதி இருக்கற பக்கத்த உள்பக்கமா மாட்டிடுவாங்க, மாட்டறதுக்கு முன்னாடியே நாலுலயும் பாத்துடுங்க. அதே நேரத்துல திசையும் பாருங்க, இந்த வகையில நெறைய டயர் வி வடிவ ட்ரெட், சைடுவால்ல ரொட்டேஷன்னு அம்புக்குறி இருக்கும், வண்டி முன்னாடி போறப்ப டயர் சுத்தற பக்கம்தான் அம்பு இருக்கணும். மாத்தி மாட்டினா தண்ணிய வெளிய தள்ள வேண்டிய பள்ளம் உள்பக்கமா கொண்டு வரும்.

மழைவண்டி:
இது ரொம்ப முக்கியம், அம்பு மாறி ஓடற வண்டி நெறைய பாத்திருக்கேன். காத்து பத்தி இன்னொண்ணு, குளிர் வந்தா டயர்ல காத்து தானா கொறையும், ஓட்டை இருக்கணும்னு அவசியமில்ல. 25 டிகிரியில 32 பிஎஸ்ஐ அடிச்சு வெச்சிருந்தீங்கன்னா மைனஸ் 5ல காலைல பாத்தா 27 சொச்சம்தான் இருக்கும். நைட்ரஜன் அடிச்சாலும் இதேதான். குளிர்காலத்துல மாசம் ரெண்டு தடவையாவது, வண்டி ராத்திரி பூரா நின்னப்புறம், காலைல கிளம்பறதுக்கு முன்னாடி பாருங்க. ஓடி சூடான டயர்ல பாத்தா நல்லா இருக்கற மாதிரி காட்டும். பனிக்கு கிரிப் கூடும்னு காத்த இறக்கி ஓட்டச் சொல்றவங்க பேச்ச கேக்காதீங்க, ஹைவேக்கு அது ஆபத்து.

ஈரச்சாலை:
இன்னைக்கு பள்ளத்தோட ஆழம் அளக்கற டெப்த் கேஜ் வெச்சு அளந்தேன். முன் டயர்ல நடு க்ரூவ் 2.6, வெளி ஓரம் 2.1தான் இருக்கு. கேஜோட ஊசிய தேய்மான மேட்டு மேல வைக்காம தள்ளி வெச்சும் அதேதான். ஹைவேல ஸ்டீயரிங் லேசானதுக்கு காரணம் இப்ப கண்ணுக்கே தெரியுது. கடையில மூணு மாடல் பாத்தேன், டயர்பித்தன் சார் சொன்ன மாதிரி பட்டன தள்ளியும் பாத்தேன், ஒரு மலிவு டயர்ல கோடு மேலாப்புல மட்டும்தான் இருந்துச்சு, உள்ள ஒண்ணுமே இல்ல. வெக்டர் என் சைஸ்ல ஈர கிரேடு பி, சின்னம் இருக்கு, தேதியும் இந்த வருஷத்துது, எக்ஸ்எல் 94வி (வி வேகக் குறியீடு) கெடைக்குது. நாலுக்கும் சொல்லிட்டேன், வர்ற வாரம் மாட்டறாங்க. வெளி ஓரம் கூட தேஞ்சதுக்கு வேற ஏதும் பாக்கணுமா? மாட்டினப்புறம் என்ன கவனிக்கணும்?

டயர்பித்தன்:
நல்ல முடிவு. ஓரம் கூட தேஞ்சிருக்குன்னா சக்கரத்தோட கோணம், அதாவது அலைன்மென்ட் விலகிருக்கணும், இல்ல காத்து கம்மியா ஓடிருக்கணும். கம்மி காத்துன்னா ரெண்டு ஓரமும் தேயும், ஒரே ஓரம்னா அலைன்மென்ட்தான். உள் ஓரத்தையும் அளந்து பாத்துட்டு சொல்லுங்க. எப்படியும் புது டயர் மாட்டற அன்னைக்கே அலைன்மென்ட் பண்ணிடுங்க, இல்லன்னா புது டயரும் அதே மாதிரி தேய ஆரம்பிச்சுரும். வால்வும் புதுசா போடச் சொல்லுங்க, பிரஷர் சென்சார் இருக்கற வண்டின்னா அதோட சீல் மாத்தச் சொல்லுங்க.

மாட்டினப்புறம் 50லேர்ந்து 100 கிமீ ஓடின உடனே வீல் போல்ட்ட அளவு பாத்து இறுக்கற டார்க் ரெஞ்ச் வெச்சு ஒரு தடவ இறுக்கிப் பாக்கச் சொல்லுங்க. முதல் சில நூறு கிமீ சாந்தமா ஓட்டுங்க, புது டயர் மேல அச்சுலேர்ந்து வந்த வழவழப்பு இருக்கும், அது போனப்புறம்தான் முழு கிரிப் வரும், மழையில முதல் நாளே வேகமா போய் டெஸ்ட் பண்ணாதீங்க. 10,000 கிமீக்கு ஒரு தடவ முன்ன பின்ன மாத்துங்க, வி டிசைன்ங்கறதால அதே பக்கத்துலயே முன்னாடி இருக்கறது பின்னாடி, குறுக்க மாத்தக் கூடாது.

ஈரச்சாலை:
உள் ஓரம் 2.5 இருக்கு, அப்ப அலைன்மென்ட்தான். மாட்டறப்பவே சேத்து பண்ணச் சொல்லிட்டேன். டயர் மாத்தற வரைக்கும் மழை நாள்ல ஹைவே வேணாம்னு உள் ரோட்டுலயே மெதுவா போய்க்கறேன்.

மலைப்பாதை:
நல்லது. முதல் பனி விழற அன்னைக்கு ஆளில்லாத பார்க்கிங் ஏதாவது பாத்து 20, 30 கிமீல பிரேக்க முழுசா மிதிச்சு எங்க நிக்குதுன்னு பாத்துக்கங்க. ஏபிஎஸ் கால உதைக்கும், கால எடுக்காதீங்க, மிதிச்சபடியே இருங்க.